ஒரே நெருப்பு, இரண்டு வேலைகள்: குளிர்காலச் சமையலும் வீட்டு வெப்பமும்

கடுங்குளிர் நிலவும் ஊர்ப்புறத்து வீட்டில் அடுப்புக்கு இரண்டு பொறுப்புகள் உண்டு. உணவைச் சமைப்பது ஒன்று. வீட்டைச் சூடாக வைத்திருப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே நெருப்பிலிருந்து கிடைத்தாலும் இரண்டும் கேட்கும் நெருப்பு ஒன்றல்ல. சமையலுக்குச் சிறிது நேரத்துக்குள் மிகுந்த வெப்பம் வேண்டும். வீட்டுக்கோ இரவும் பகலும் விட்டுப்போகாத மிதமான வெப்பம் வேண்டும். இந்த முரணை அறியாமல் விறகை மேலும் மேலும் அடுக்கி எரித்தால், அடுப்பருகே புழுக்கமும் படுக்கையறையில் விறைப்புமாகத்தான் குளிர்காலம் கழியும். குளிர்ப் பகுதியில் புதிதாகக் குடியேறுபவர்களையும், விறகடுப்போடு பழக்கமில்லாதவர்களையும் மனத்தில் வைத்து, இதன் அடிப்படைகளை இங்கே விளக்க முயல்கிறேன். நெருப்பை மூட்டும் திறமையைவிட, மூட்டிய நெருப்பின் வெப்பத்தை எங்கே போகவிடுகிறோம் என்ற கவனமே இதில் பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

வீடு சூடாவது என்றால் என்ன

ஒரு சிறிய கணக்கிலிருந்து தொடங்குவோம். 4 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள அறையில் 40 கன மீட்டர் காற்று இருக்கும். அந்தக் காற்றை 0 டிகிரி செல்சியஸிலிருந்து 20 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1 மெகாஜூல் வெப்பம் போதும். நன்றாக உலர்ந்த விறகு 1 கிலோ எரிந்தால் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். அப்படியானால், அறையின் காற்றைச் சூடாக்க 100 கிராம் விறகுகூடத் தேவையில்லை. பிறகு ஏன் நாள்தோறும் கூடை கூடையாக விறகு செலவாகிறது? காற்று மட்டும் சூடானால் போதாது என்பது ஒரு காரணம். சுவரும் தரையும் கூரையும் சூடேற வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், உள்ளே சேரும் வெப்பம் ஒவ்வொரு நொடியும் வெளியே போய்க்கொண்டே இருப்பதுதான். வீட்டைச் சூடாக வைத்திருப்பது ஓட்டைக் குடத்தை நிறைவாக வைத்திருப்பதைப் போன்றது. ஊற்றும் வேகம் எவ்வளவு என்பதை ஓட்டையின் அளவே தீர்மானிக்கிறது.

அந்த ஓட்டையின் அளவு என்ன என்பதை ஒரே ஒரு ஜன்னலை வைத்துப் பார்க்கலாம். ஒற்றைக் கண்ணாடி போட்ட, 1.5 சதுர மீட்டர் பரப்புள்ள ஜன்னலை எடுத்துக்கொள்வோம். உள்ளே 20 டிகிரியும் வெளியே 0 டிகிரியும் இருந்தால், அதன் வழியே ஏறக்குறைய 170 வாட் வெப்பம் இடைவிடாது வெளியேறும். ஒரு முழு நாளில் அது சுமார் 15 மெகாஜூல் ஆகிறது. அடுப்பும் புகைபோக்கியும் தம் பங்குக்கு இழப்பதையும் சேர்த்தால், அந்த ஒரு ஜன்னலுக்காக மட்டும் நாளொன்றுக்கு 1 கிலோவுக்கு மேல் நல்ல விறகு எரிகிறது. இரட்டைக் கண்ணாடி இந்த இழப்பை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். அதற்கு வசதியில்லாத வீட்டில், இருட்டியவுடன் கனமான திரையை இழுத்துவிட்டு, திரையின் கீழ்விளிம்பு ஜன்னல் மேடையிலோ தரையிலோ படும்படி செய்தாலும் கணிசமான பலன் உண்டு. இங்கே வேலை செய்வது துணியல்ல, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். கம்பளி, வைக்கோல், பஞ்சு ஆகிய எல்லாமே காற்றை அசையவிடாமல் பிடித்துவைப்பதால்தான் குளிரைத் தடுக்கின்றன.

கதவடியிலும் ஜன்னல் சட்டங்களிலும் உள்ள இடுக்குகளுக்கும் இதே அளவு கவனம் தேவை. சூடான காற்று இலேசாகி மேலே எழுந்து, கூரையிலும் மாடியிலும் உள்ள இடைவெளிகள் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழ்ப்பகுதி இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே வரும். கால் மட்டும் சில்லிட்டுப்போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆகையால் தரையோரத்து இடுக்கை மட்டும் அடைத்துவிட்டு ஓய்ந்துவிடாமல், மேற்கூரையை ஒட்டிய இடைவெளிகளையும் தேடி அடைக்க வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அடுப்புக்குக் காற்று வருவதற்கென்று வைத்த துவாரத்தை எந்தக் குளிரிலும் அடைக்கக் கூடாது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

காற்றின் வெப்பநிலை 20 டிகிரி காட்டியும் ஒருவருக்குக் குளிரலாம். நம் உடல் சுற்றியுள்ள பரப்புகளோடு கதிர்வீச்சு மூலமாகவும் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்கிறது. சில்லிட்ட சுவருக்கோ கண்ணாடிக்கோ அருகில் உட்கார்ந்தால், காற்று இதமாக இருந்தாலும் உடலின் அந்தப் பக்கம் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். நாற்காலியை வெளிச்சுவரிலிருந்து விலக்கி, வீட்டின் உட்சுவர் ஓரமாகப் போடுவது ஒரு காசும் செலவில்லாத வழி. அதை முதலில் செய்யுங்கள்.

விறகு எரியும் விதம்

விறகு எரிவது மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாக வேண்டும். அடுத்து, ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டிய பிறகு மரம் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடும். நாம் காணும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதே. கடைசியில் எஞ்சும் கரி, சுவாலை அதிகமின்றித் தணலாகக் கனலும். விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுமையாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்தால் வாயுக்கள் எரியாமலேயே புகையாக வெளியேறும். புகைபோக்கியில் அடர்ந்த புகை தெரிந்தால், பாடுபட்டுப் பிளந்து உலர்த்திய விறகின் ஒரு பகுதி வெப்பம் தராமலே வெளியேறுகிறது என்று பொருள்.

ஈர விறகு ஏன் கூடாது என்பதும் இதிலிருந்தே புரியும். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராகவே இருக்கலாம். அந்த நீரை ஆவியாக்க வெப்பம் செலவாகிறது என்பது பாதிச் செய்திதான்; அடுப்பின் உள்வெப்பம் தாழ்ந்து, வாயுக்கள் எரியாமல் போவதே மிகுதிப் பாதி. விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ் வர வேண்டும். அதற்கு விறகைப் பிளந்து, தரையில் படாதபடி அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து வைத்து, குறைந்தது ஒரு கோடையாவது காயவிட வேண்டும். கெட்டியான மரமென்றால் இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். முழுக் குவியலையும் தார்ப்பாயால் சுற்றி மூடுவது நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு. உள்ளே ஆவியாகும் ஈரம் வெளியேற வழியில்லாமல் விறகிலேயே திரும்பப் படியும். காய்ந்த துண்டின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஆரம்போல் வெடிப்புகள் ஓடியிருக்கும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் மந்தமான ஓசை எழாமல் கணீரென்று ஒலிக்கும். ஐயமிருந்தால் ஒரு துண்டைப் பிளந்து, புதிய பிளவுமுகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டினால் அது அடுத்த ஆண்டுக்கான விறகு.

நெருப்பு மூட்டும்போது சுள்ளிகளை அடியில் வைத்து மேலே கட்டைகளை அடுக்குவதே பலரின் வழக்கம். மூடிய அடுப்பில் இதைத் தலைகீழாகச் செய்வது மேலானது. அடியில் இரண்டு மூன்று கட்டைகள், அவற்றின் மேல் சிறு துண்டுகள், உச்சியில் மெல்லிய சுள்ளிகள் என்று அடுக்கி, உச்சியில் தீ வைக்க வேண்டும். நெருப்பு மெல்லக் கீழிறங்கும்போது, கீழ்க்கட்டைகளிலிருந்து எழும் வாயு மேலே உள்ள சுவாலையைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் பெரும்பகுதி எரிந்துவிடும். புகைபோக்கியும் முதல் சில நிமிடங்களிலேயே சூடேறி, காற்றை நன்றாக இழுக்கத் தொடங்கும். தொடக்கத்தில் காற்றுத் துவாரத்தை முழுமையாகத் திறந்து வைத்து, கட்டைகள் நன்றாகப் பற்றிய பிறகே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

திறந்த கணப்பும் மூடிய அடுப்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். திறந்த கணப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும்; அதோடு அறையின் சூடான காற்றையும் அது வெளியே இழுத்துச் செல்லும். நல்ல மூடிய அடுப்பு விறகின் வெப்பத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அறைக்குத் தரக்கூடியது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களிலேயே இந்த இழப்பைக் குறைக்க இரும்பாலான கணப்பு ஒன்றை வடிவமைத்து, அதைப் பற்றி 1744-இல் ஒரு சிறு நூலும் வெளியிட்டார்.

அடுப்பின் மேல்

விறகடுப்பில் சமைக்கப் பழகும்போது மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம், நெருப்பைக் கூட்டிக் குறைக்க முயல்வது. எரிவாயு அடுப்பில் குமிழைத் திருகுகிறோம். விறகடுப்பில் பாத்திரத்தை நகர்த்துகிறோம். மேல்தட்டுள்ள அடுப்பில் விறகு எரியும் அறைக்கு நேர் மேலுள்ள பகுதி மிகச் சூடாகவும், விளிம்பை நோக்கிப் போகப் போகச் சூடு தணிந்தும் இருக்கும். வறுப்பதற்கும் கொதிக்க வைப்பதற்கும் நடுப்பகுதி. வேகவைப்பதற்கு அதன் ஓரம். சமைத்ததைச் சூடாக வைத்திருக்கக் கடைசி விளிம்பு. எந்த இடம் எவ்வளவு சூடு என்று அறிய விரல்நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். சொட்டு பரவிச் சுர்ரென்று ஆவியானால் அங்கே மிதமான சூடு. சொட்டு பரவாமல் முத்தைப் போல் திரண்டு தட்டின் மேல் அங்குமிங்கும் உருண்டோடினால், அங்கே கொதிநிலையைவிட வெகு அதிகமான சூடு இருக்கிறது; சொட்டின் அடியில் உண்டான நீராவிப் படலமே அதைத் தூக்கிப் பிடிக்கிறது. பாத்திரத்தின் அடி தட்டையாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். உருண்டை அடியுள்ள பாத்திரம் தட்டை ஒரு புள்ளியில் மட்டுமே தொடும். மற்ற இடமெல்லாம் காற்றிடைவெளி.

மூடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சமையலும் வீட்டு வெப்பமும் இங்கேதான் நேருக்கு நேர் சந்திக்கின்றன. 5 டிகிரியில் உள்ள 2 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.8 மெகாஜூல் வெப்பம் போதும். ஆனால் அதில் அரை லிட்டர் ஆவியாகிப்போக 1.1 மெகாஜூலுக்கு மேல் தேவை. அதாவது, கொதிக்க வைக்க ஆகும் செலவைவிட, கொதித்த பின் மூடாமல் விட்டுவிடுவதால் ஆகும் செலவு அதிகமாகிவிடக்கூடும். தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் குமிழிட்டாலும் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் தண்ணீர் 100 டிகிரியில்தான் இருக்கும். எனவே பலத்த கொதியில் உணவு விரைவாக வெந்துவிடுவதில்லை, நீராவி மட்டுமே அதிகமாகிறது. மலைப்பகுதியில் கொதிநிலையே தாழ்ந்துவிடுவதால் பிரஷர் குக்கர் அங்கே மிகவும் பயன்படும். அதனுள் வெப்பநிலை 120 டிகிரி வரை உயரும்.

அந்த நீராவி வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது, வெப்பம் வீணாகவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நீராவி தன் வெப்பத்தை அது நீராகக் குளிரும் இடத்தில்தான் விடும். அந்த இடம் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த பரப்பு, அதாவது ஜன்னல் கண்ணாடியும் வெளிச்சுவரின் மூலையும். அங்கே விட்ட வெப்பம் நேராக வெளியே போகிறது. நீர் மட்டும் நம்மிடம் தங்கிச் சுவரைப் பூஞ்சை பிடிக்க வைக்கிறது. காலையில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து வழிந்தால், முந்தைய நாள் சமையலின் நீராவியும் இரவெல்லாம் விட்ட மூச்சின் ஈரமும் அதில் இருக்கின்றன. இதற்கு மருந்து, குளிருக்கு அஞ்சாமல் எதிரெதிர் ஜன்னல்களை ஐந்து நிமிடம் அகலத் திறந்துவிடுவதுதான். 0 டிகிரியில் உள்ள காற்று ஒரு கன மீட்டருக்கு 5 கிராம் அளவுக்கே நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் உள்ள காற்று 17 கிராம் வரை தாங்கும். ஆகவே வெளிக்காற்று உள்ளே வந்து சூடேறும்போது மிக உலர்ந்ததாகிவிடும். இதனால் இழக்கும் வெப்பமோ, தொடக்கத்தில் பார்த்தபடி, 100 கிராம் விறகுக்குள் அடங்கும். சுவரும் தரையும் ஐந்து நிமிடத்தில் குளிர்ந்துவிடாது. ஜன்னலை நாளெல்லாம் ஒரு விரற்கடை திறந்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கொதி வந்தபின் வேகும் நேரமெல்லாம் நெருப்பு தேவை என்பதும் கட்டாயமில்லை. கொதிக்கும் பாத்திரத்தை மூடியோடு எடுத்து, கம்பளியோ வைக்கோலோ அடைத்த பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் பொதிந்து வைத்தால், உள்ளிருக்கும் வெப்பத்திலேயே தானியமும் பருப்பும் வெந்துவிடும். பாத்திரம் நிறைய உணவு இருக்கும்போதுதான் இது நன்றாக நடக்கும். கால் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும். வெளியே எடுக்கும்போது உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே வெகுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும். ராஜ்மாவை மட்டும் இந்த முறையில் சமைக்கும் முன் கட்டாயம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். அதிலுள்ள நச்சுப் புரதம் மிதமான சூட்டில் அழியாது.

இரவுக்கான வெப்பம்

சமையலின் குறுகிய பெருந்தீயை வீட்டின் நீண்ட மிதவெப்பமாக மாற்றித் தருவது கனமான பொருள்கள்தான். 1000 கிலோ செங்கல் 40 டிகிரி குளிரும்போது ஏறத்தாழ 35 மெகாஜூல் வெப்பத்தை மெல்ல மெல்ல வெளியிடும். அதனால்தான் பெரிய கல்லடுப்பில் நாளுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் நன்றாக எரித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் அதன் சூட்டிலேயே வீட்டார் இருக்க முடிகிறது. மெல்லிய இரும்படுப்பு விரைவில் சூடாகும், விரைவில் ஆறும். அதன் பின்சுவரைச் செங்கல்லால் கட்டுவதும், அடுப்பின் விளிம்பில் பெரிய தண்ணீர்ப் பாத்திரத்தை மூடியோடு வைப்பதும் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். 20 லிட்டர் தண்ணீர் 90 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஆறுவதற்குள் கிட்டத்தட்ட 6 மெகாஜூல் வெப்பத்தை அறைக்குத் தந்துவிடும். கழுவவும் குளிக்கவும் வெந்நீரும் கையருகே இருக்கும்.

இதைவிட்டு, இரவு முழுவதும் எரியட்டும் என்று அடுப்பை நிறைத்துக் காற்றை இறுக்கி அடைத்துப் புகைய வைப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். எரியாத வாயுக்கள் குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்னும் தார் போன்ற படிவமாகப் படியும். அது ஒருநாள் தீப்பற்றினால் புகைபோக்கிக்குள் 1000 டிகிரிக்கு மேல் வெப்பம் எழலாம். வீடே எரிந்துபோன நிகழ்வுகள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும், குளிர்காலம் தொடங்கும் முன், புகைபோக்கியைத் தூரிகையிட்டுச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

காற்றும் நஞ்சும்

1 கிலோ விறகு முழுமையாக எரியக் குறைந்தது 4 கன மீட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் அதைப்போல் இரு மடங்குகூட ஆகும். அந்தக் காற்று வர வழியில்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாகப் பிணைவதால், மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜனின்றித் தவிக்கும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். வீட்டில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனதும் குறைந்தால், உடனே எல்லோரும் வெளியேறி உதவி கேட்க வேண்டும். கரித் தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குள் வைப்பது ஒருபோதும் கூடாது. புகை இல்லாததால் அது பாதுகாப்பானது என்று தோன்றும். உண்மையில் தணல்தான் இந்த வாயுவை மிகுதியாக வெளியிடும். தணல் சிவந்திருக்கும்போது புகைபோக்கியின் அடைப்பை மூடிவிட்டுப் படுப்பதும் இதே அளவு ஆபத்து.

எரிவாயு அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவதும் இதில் சேர்ந்ததே. காற்று குறைந்தால் அதிலும் இந்த நஞ்சு பிறக்கும். அதோடு 1 கிலோ புரொப்பேன் எரியும்போது சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகி அறையை ஈரமாக்கும். கடுங்குளிரில் சிலிண்டரிலிருந்து வாயு சரியாக வராமல் போவதற்கும் காரணம் உண்டு. பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே திரவ நிலையிலிருந்து வாயுவாக மாறுகிறது. அதைவிடக் குளிர்ந்த இடத்தில் சிலிண்டருக்குள் திரவமாகவே கிடக்கும். புரொப்பேனோ மைனஸ் 42 டிகிரி வரை வாயுவாகும். குளிர்ப் பகுதிகளில் புரொப்பேன் மிகுந்த சிலிண்டரைக் கேட்டு வாங்க வேண்டும். வாயு வரவில்லை என்று சிலிண்டரை நெருப்பின் அருகே வைத்தோ, கொதிநீர் ஊற்றியோ சூடாக்கக் கூடாது.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறைக்கு அருகிலும், அடுப்புள்ள அறையில் அடுப்பை ஒட்டாமல் சற்றுத் தள்ளியும் பொருத்தி, அதன் பேட்டரியை அவ்வப்போது சோதிக்க வேண்டும். சாம்பலை அள்ளும்போது மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, மரத் தரையிலோ விறகுக் குவியல் அருகிலோ வைக்காமல், வெளியே கல்தரையில் வைக்க வேண்டும். மேலே ஆறித் தோன்றும் சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கள்கூட உயிரோடு இருக்கும். வாளியைக் கொட்டும் முன் மூடியைத் திறந்து, கம்பியால் அடிவரை கிளறி, எங்கும் சிவப்பு இல்லை என்று உறுதிசெய்த பிறகே கொட்டுங்கள்.